கவிட்டி என்றால் எந்த ஓட்டை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் கிளினிக்கில் தரும் துண்டில் ‘கவிட்டி’ (cavity) என்று எழுதியிருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையிலும் அதே சொல் வரும். வீட்டு வரைபடத்திலும் மைக்ரோவேவ் அடுப்பின் கையேட்டிலும் கூட அதைக் காணலாம். ஆனால் இவை ஒரே சங்கதி அல்ல. வன்னியில் இந்தச் சொல்லும் அதன் உறவுச் சொற்களும் எங்கெங்கே வருகின்றன, அங்கங்கே என்ன செய்யவேண்டும் என்று கேட்கப்படுபவற்றுக்கான பதில்கள் கீழே.

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

லத்தீனில் ‘காவுஸ்’ என்றால் உள்ளே ஒன்றுமில்லாதது. குகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேவ்’, குழிவு வில்லையைச் சொல்லும் ‘கொன்கேவ்’, குளம் திருத்த வரும் எக்ஸ்கவேட்டர் எல்லாம் அந்த வேரில் முளைத்தவைதான். சுற்றிவரத் திண்மம் இருக்கவேண்டும், நடுவில் வெறுமை இருக்கவேண்டும். அவ்வளவுதான் பொதுப்பொருள்.

எந்த இடத்தில் இந்தச் சொல்லைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த வெறுமை எப்படி வந்தது? இப்போது அதற்குள் என்ன இருக்கிறது? அதை அடைக்கவேண்டுமா, விடவேண்டுமா? மூன்றாவதுதான் முக்கியம். பல்லில் உள்ளதை அடைக்கவேண்டும். நெஞ்சுக்குள் இருக்கும் அறையை அடைத்தால் ஆள் மிஞ்சமாட்டார். புளொக் கல்லில் உள்ளதில் சிலதை அடைத்துச் சிலதை விடவேண்டும்.

எல்லாவற்றையும் ‘குழி’ என்று மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. மேலே வாய் திறந்து கீழே இறங்குவது குழி. மரத்திலோ சுவரிலோ பக்கவாட்டில் உள்ளே போவது பொந்து. எலியும் நண்டும் குடைவது வளை. கறையான் கட்டுவது புற்று. வெளியே நல்ல மரமாய் நின்று உள்ளே உளுத்துப் போயிருந்தால் அது கோறை. பூச்சியோ அழுகலோ தின்ற இடம் சூத்தை. உடம்புக்குள் இயல்பாகவே இருக்கும் வெளிக்கு அறை என்ற சொல் பொருந்தும், பாடப்புத்தகங்களும் நெஞ்சறை, வயிற்றறை என்றே எழுதுகின்றன. ஆங்கிலம் ஒரு சொல்லால் சமாளிப்பதை நாங்கள் ஏழு சொல்லால் பிரித்து வைத்திருக்கிறோம். அதைக் குழி என்ற ஒன்றுக்குள் தள்ளுவது நட்டம்.

சூத்தைப் பல்லில் உண்மையிலேயே பூச்சி இருக்கிறதா?

இல்லை. சூத்தைக் கத்தரிக்காய்க்குள் புழு இருப்பதால், அதே சொல்லைக் கொண்ட பல்லிலும் புழு இருக்கும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. “பல்லில பூச்சி விழுந்திட்டுது” என்று சொல்வதில் குறையில்லை. அதை நம்பிப் புகை காட்டிப் பூச்சி எடுப்பவர்களிடம் போவதுதான் பிழை.

நடப்பது இதுதான். பல்லின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தில் வாழும் பக்டீரியாக்கள் சீனியையும் மாப்பொருளையும் அமிலமாக்குகின்றன. அந்த இடத்தின் பிஎச் (அமில அளவு, இது குறையக் குறைய அமிலம் கூட) சுமார் 5.5 இற்குக் கீழே போனால் பல்லின் கடின மேற்படையான மிளிரியிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் திரும்ப அதைச் சரிக்கட்டும், ஆனால் அதற்கு அரை மணித்தியாலம், சில வேளை அதற்கு மேலும் பிடிக்கும். ஆகவே எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தரம் என்பதே கணக்கு. சாப்பாட்டோடு ஒரு இனிப்பு தின்பவரின் பல்லைவிட, காலையிலிருந்து மாலைவரை மணிக்கொரு தரம் சீனி கடித்துப் பிளேன்ரீ குடிப்பவரின் பல் விரைவாய்ப் போகும்.

முதலில் தெரிவது ஓட்டை அல்ல, சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டு. அந்த நிலையில் புளோரைட் பற்பசையும் ஒழுங்கான துலக்கலும் அதைத் திருப்பிவிடும். மேற்பரப்பு உடைந்து ஓட்டை விழுந்த பிறகு தானாக மூடாது. மிளிரியைக் கடந்து அதன் கீழுள்ள பன்முதலுக்குள் போனால் குளிர்ந்த தண்ணீர் கூசும். இரவில் படுத்தால் துடிக்கும் வலி வந்தால் நரம்பு இருக்கும் பற்கூழ் வரை போய்விட்டது என்று அர்த்தம். கராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யும், ஓட்டையை ஒன்றும் செய்யாது. வலி திடீரென்று நின்றால் சந்தோஷப்படவேண்டாம். பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது, அடுத்தது முகவீக்கம்.

விழப்போகும் பால்பல்லுக்கு ஏன் செலவழிக்கவேண்டும்?

இந்தக் கேள்விக்குள் ஒரு பொறி இருக்கிறது. ஆறு வயதளவில் பால்பற்கள் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியில், பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். எதுவும் விழாமல் வந்ததால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் இருப்பதால் முதலில் சூத்தை விழுவதும் அதிலேதான். எண்ணிப் பாருங்கள். பால்பற்கள் மொத்தம் 20, ஒரு தாடையில் ஒரு பக்கத்துக்கு 5. நடுவிலிருந்து எண்ணும்போது ஆறாவதாக ஒன்று நின்றால் அது வாழ்நாள் முழுக்கத் தேவையானது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தால் அந்தப் பல்லின் வெடிப்புகளை நேரத்தோடு மூடிவிடலாம்.

பற்பசை அளவு: மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசியளவு, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணியளவு. துலக்கியபின் துப்பினால் போதும். வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் சேர்ந்து போய்விடும்.

பல்லில் மண்ணிறக் கறை. இதுவும் கவிட்டியா?

வவுனியாப் பக்கத்தில் இதைக் கட்டாயம் பிரித்தறிய வேண்டும். இங்குள்ள பல கிணறுகளின் தண்ணீரில் புளோரைட் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் உச்ச அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேலான தண்ணீரைச் சிறு வயதில், பல் உள்ளே உருவாகும் காலத்தில், அதாவது எட்டு வயதுக்குள் குடித்தால் முளைக்கும் பல்லிலே வெள்ளைக் கோடும் மண்ணிறத் திட்டும் இருக்கும்.

அடையாளம் இப்படி. புளோரைட் கறை இடம் வலமாகச் சோடியாக வரும், மினுமினுப்பான முன்பரப்பில் பரவி இருக்கும், பல் முளைத்த நாளிலிருந்தே இருக்கும். சூத்தை ஒரு பல்லில் தனியாக, வெடிப்பிலோ இரு பல்லுக்கு இடையிலோ முரசு ஓரத்திலோ பிறகு தொடங்கும். தொட்டால் மெதுமை. கறையைக் கரியாலும் செங்கல் தூளாலும் தேய்த்தால் போகாது, மிளிரிதான் தேயும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. நீராவி போகப்போக செறிவு கூடத்தான் செய்யும். குளோரினும் சாதாரண மணல் வடியும் இதற்கு உதவா. எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) முறைச் சுத்திகரிப்பு நீக்கும், மழைநீரில் புளோரைட் மிகக் குறைவு. ஒரு வேலி தாண்டிய கிணற்றில் அளவு முற்றிலும் வேறாக இருக்கலாம். ஆகவே அயலவரின் பரிசோதனை முடிவை உங்கள் கிணற்றுக்கு எடுக்கவேண்டாம்.

பல் அடைக்கப் போனால் இருந்த ஓட்டையைப் பெரிதாக்குகிறார்களே?

அதற்கும் பெயர் கவிட்டிதான். நோய் உண்டாக்கியது ஒன்று, வைத்தியர் வெட்டி உண்டாக்குவது இன்னொன்று. அழுகிய பகுதியை எடுக்காமல் மேலே மூடினால் உள்ளே வேலை தொடரும். வெள்ளிநிற அமல்கம் பல்லோடு ஒட்டாது, ஆப்புப்போலப் பிடித்து நிற்கவேண்டும். அதனால் அடிப்பக்கம் சற்று அகன்ற வடிவில் வெட்டுவார்கள். பல்நிற கொம்போசிட் ஒட்டும், குறைவாக வெட்டினால் போதும். ஆனால் ஒட்டும் நேரம் துளி எச்சில் பட்டாலும் பிடி போய்விடும். அடைத்தது ஒரு மாதத்தில் விழுந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது ஈரத்தைத்தான். அமல்கம் அடைத்த பக்கத்தால் ஒரு நாள் கடிக்காதீர்கள்.

படிவத்தில் ‘ஓரல் கவிட்டி’ என்று இருக்கிறது. எந்தப் பல்?

எந்தப் பல்லும் இல்லை. அது வாய்க்குழி, அதாவது முழு வாய். புற்றுநோய்ப் பரிசோதனைத் துண்டில் இந்தச் சொல்லைக் கண்டுவிட்டு, பல் பிடுங்கினால் சரி என்று இருந்துவிடக்கூடாது. புகையிலை வைத்து வெற்றிலை போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் முன்போல அகலத் திறக்காமை ஆகியவற்றில் ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காட்டவேண்டும். பாக்கு மட்டுமே போட்டாலும் ஆபத்து உண்டு.

நெஞ்சு எக்ஸ்ரேயில் கவிட்டி என்றால் கசநோய் தானா?

பெரும்பாலும் அதைத்தான் முதலில் தேடுவார்கள், ஆனால் அந்தச் சொல்லே நோயின் பெயர் அல்ல. நுரையீரலின் ஒரு பகுதி செத்து, இருமலோடு வெளியேறி, அந்த இடம் காற்று நிறைந்த வெறுமையாய் நிற்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். சீழ்க்கட்டி, புற்றுநோய், பங்கசு, நெல்வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோயிடோசிஸ் ஆகியவையும் அப்படி ஓட்டை போடும். வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் கமக்காரருக்குச் சலரோகமும் இருந்தால், வயல் வேலை பற்றி வைத்தியரிடம் தவறாமல் சொல்லவேண்டும்.

கசநோயாக இருந்தால் இந்த ஓட்டைக்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. அதற்குள் ஒட்சிசன் நிறைய, கிருமி பெருகும், அது நேரே சுவாசக் குழாயோடு தொடுத்திருக்கும். அதனால் சளியில் கிருமி கூட, மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் கூட. வழமையான மருந்து ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும். அங்கேதான் பலர் குளிசையை விடுகிறார்கள். ஓட்டைக்குள் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அசையாததாய் மாறித் திரும்புவது அப்படித்தான். குணமான பிறகும் எக்ஸ்ரேயில் வெற்று ஓட்டை தெரியலாம், அது தழும்பு. பழைய எக்ஸ்ரேயை எறியாமல் வைத்திருந்தால் அடுத்த முறை வீண் பயம் வராது.

மாணவர்களுக்கு: நெஞ்சறையும் வயிற்றறையும் எங்கே பிரிகின்றன?

பிரிமென்றகட்டில். மேலே இதயமும் நுரையீரலும், கீழே ஈரலும் இரைப்பையும் குடலும். ஆரோக்கியமான உடம்பில் இவை ‘வெற்று’ அறைகள் அல்ல. உறுப்புகளுக்கிடையே மெல்லிய ஈரப்படலம் மட்டுமே உண்டு.

புளொக் கல்லின் ஓட்டையை நிரப்பவேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல. வழக்கமான கல் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அல்லது 6 அல்லது 8 அங்குலத் தடிப்பு. ஓட்டை இருப்பதால் பாரமும் சீமெந்தும் மிச்சம், வெயிலின் சூடும் சற்றுத் தாமதித்தே உள்ளே வரும். ஆனால் கட்டாயம் நிரப்பவேண்டிய இடங்கள் இருக்கின்றன: மூலைகள், கதவு யன்னல் நிலைகளின் இரு பக்கம், கூரை வளையைப் பிடிக்கும் போல்ட் இறங்கும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக அத்திவாரத்தின் கடைசி வரிசை, அதாவது அதன் மேல் வரிசை.

கடைசி வரிசை ஏன் என்றால் கறையான். திறந்த ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்வரிசையில் நிற்கும்போது அது நிலத்திலிருந்து கூரை வரை போகும் இருட்டுக் குழாய். கறையான் மண்பாதை சுவருக்கு வெளியே தெரியவே தெரியாது. நிலையிலும் வளையிலும் மரம் பொருமியபிறகுதான் கண்ணில் படும். அத்திவாரத்தின் மேல் வரிசையைக் கொங்கிறீற்றால் நிரப்பி, அதன்மேல் முழு அகலத்துக்கும் ஈரத்தடுப்புப் படை போட்டால் அந்த வழி அடைபடும். படையில் ஒரு இடம் வெடித்தாலும் வழி திறந்துவிடும்.

நிரப்பும் கலவை 1:2:4, கல் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நாலு அடி உயரத்துக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள், கம்பியால் குத்திக் குத்தி இறக்குங்கள். இல்லாவிட்டால் நடுவில் காற்று நின்று, நிரப்பிய ஓட்டைக்குள் நிரம்பாத ஓட்டை வரும். கல்லை வைக்கும்போது தடித்த விளிம்பு மேலே வரட்டும், சாந்து பிடிக்கும் இடம் கூடும். வார்த்து நாலு நாளான கல்லைக் கட்டினால் சுருங்கி வெடிக்கும். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நாலு வாரம் வைத்திருங்கள்.

இங்கிலாந்து வரைபடங்களில் காணும் ‘கவிட்டி வோல்’ வேறு: இரண்டு தனிச் சுவர், நடுவில் 50 மில்லிமீற்றர் அளவில் இடைவெளி, இரண்டையும் உலோக இணைப்பிகள் பிடிக்கும். சாரல் மழை உள்சுவருக்கு எட்டாமல் தடுப்பதே நோக்கம். கட்டும்போது சாந்து இடைவெளிக்குள் விழுந்து பாலம்போட்டால் ஈரம் அதன்மேல் நடந்து வந்துவிடும்.

அச்சில் பொருள் வார்க்கும் பட்டறையில் சொல்லும் கவிட்டி?

அங்கே தலைகீழ். அச்சின் வெறுமைதான் பொருளாய் மாறுகிறது. நாலு கவிட்டி அச்சு என்றால் ஒரு தடவை வார்த்தால் நாலு மூடி விழும்.

குளக்கட்டில் ஓட்டை தெரிந்தால் என்ன செய்வது?

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது. ஊர்க் குளத்தில் முதலில் காண்பது நீங்கள்தான்.

காரணங்கள்: எலியும் முள்ளம்பன்றியும் குடைந்தது, கறையான் புற்று, வெட்டிவிட்ட மரத்தின் வேர் உளுத்து விட்டுச்சென்ற குழாய், துருசுக் (மதகுக்) குழாயின் ஓரத்தில் மண் இறுகாமை. கடைசியது மிகப் பொல்லாதது. தண்ணீர் கட்டின் வெளிப்பக்கத்தில் கசியத் தொடங்கி, மண்ணைத் துகள்துகளாய்க் கொண்டுவந்து, பின்னோக்கிக் குளத்தை நோக்கி அரித்துப் போகும். மேலே களிமண் கூரைபோலத் தாங்குவதால் கட்டில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கூரை இடியும்போது நேரம் போய்விட்டிருக்கும்.

கசிவு நீரை ஒரு போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்குப் பாருங்கள். தெளிவாக இருந்தால் ஊறல், கவனித்தால் போதும். கலங்கலாக, அடியில் மண் படிந்தால் கட்டு உள்ளே கரைகிறது. உடனே கமக்காரர் அமைப்புக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் சொல்லி, துருசைத் திறந்து மட்டத்தைக் குறையுங்கள்.

வெளிப்பக்க வாயைக் களிமண்ணால் அடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் கை போகிற வேலை. செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி வேறு இடத்தால் வெடிக்கும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. வாயின்மேல் அரையடி பருமணல், அதன்மேல் அரையடி சல்லி, அதன்மேல் கல் போட்டு, சுற்றிவர மண்மூட்டையால் வளையம் கட்டி, வரும் நீர் தெளியும்வரை வளையத்தை உயர்த்துங்கள். குளப்பக்கத்தில் சிறு சுழி தெரிந்தால் அதுதான் நுழைவாய், அங்கே பாரம் கட்டிய தறப்பாளை இறக்கலாம். கோடையில் குளம் வற்றியபிறகு, அந்த ஓட்டையை முடிவுவரை தோண்டித் திறந்து, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாக இடித்து நிரப்பவேண்டும். காய்ந்த மண்ணை மேலால் கொட்டுவது அடுத்த காலபோகத்துக்கு அதே இடத்தில் காவல் இருக்கத்தான் உதவும்.

பம்புக்குள் சல்லி உருள்வது போலச் சத்தம். உள்ளே கல்லா?

பெரும்பாலும் கல் இல்லை, ‘கவிட்டேஷன்’. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைந்தால் தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் சுழலியில் அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் நொறுங்கி உலோகத்தைக் கொத்தும். கழற்றினால் அம்மை வடுபோலத் தெரியும்.

வளியமுக்கம் தண்ணீரைத் தாங்கக்கூடிய உயரம் 10.3 மீற்றர்தான். உராய்வெல்லாம் கழித்தால் நடைமுறையில் 6, 7 மீற்றர், அதாவது இருபது இருபத்திரண்டு அடி. ஆவணியில் கிணறு கீழே போனபின் சத்தம் தொடங்கினால் காரணம் அதுவே. அடிவால்வின் வலையைக் கழுவுங்கள், உறிஞ்சு குழாயைக் குறுக்குங்கள், வளைவுகளைக் குறையுங்கள், குழாய் விட்டத்தைக் கூட்டுங்கள். வெளிவிடும் பக்க வால்வைச் சற்று மூடினால் சத்தம் குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் நோய் உறுதி. தண்ணீர் வெள்ளையாய் நுரைத்து வந்தால் அது வேறு, எங்கோ காற்று இழுக்கிறது.

பெற்றோல், மண்ணெண்ணெய் பம்பைக் கிணற்றுப் படிக்கட்டில் இறக்கி ஓடவிடாதீர்கள். காபனோரொட்சைட் கிணற்றுக்குள் தேங்கும், இறங்குபவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் அப்படியே. கீழே இறக்குவதானால் மின் பம்பு மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் நிலாவரைக் கிணறுபோல நிலத்தடிக் குகை இருக்கிறதே, வவுனியாவில் ஏன் இல்லை?

அங்கே சுண்ணாம்புக்கல். மழைநீரின் மென்னமிலம் அதைக் கரைத்துக் குகையாக்கும். புத்தூர் நிலாவரை அப்படி வந்தது. வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் உள்ளது புவியியலாளர் ‘வன்னித் தொகுதி’ என்று பெயரிட்ட பழம் பளிங்குருப் பாறை. அது கரையாது, வெடிக்க மட்டும் செய்யும். குழாய்க்கிணறு துளைக்கும்போது கம்பி சட்டென்று கொஞ்சம் இறங்கினால் அது குகை அல்ல, வெடிப்பு. தண்ணீர் கிடைப்பதும் அதில்தான். இதனாலேயே பத்து யார் தள்ளித் துளைத்தால் வறண்டு போகிறது.

மைக்ரோவேவ் கையேட்டில் ‘கவிட்டி’யைத் துடைக்கச் சொல்கிறதே?

உணவு வைக்கும் உலோக அறை. 2.45 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர். அது உலோகச் சுவரில் பட்டுத் திரும்பி நிலையலையாகும்போது ஏறக்குறைய 6 சென்ரிமீற்றருக்கு ஒரு சூட்டிடம் விழும். சுழலும் தட்டை எடுத்துவிட்டு அப்பளங்களைப் பரப்பி அரை நிமிடம் ஓடவிட்டால் அங்கங்கே பொரிந்து தெரியும். பக்கச் சுவரிலுள்ள மைக்கா தகட்டில் எண்ணெய் தெறித்துக் கருகினால் பொறி பறக்கும். அடுப்பு கெட்டுவிட்டதென்று எறிவதற்கு முன் அந்தத் தகட்டை மாற்றிப் பாருங்கள். உள்ளே அலையை உண்டாக்கும் மக்னட்ரோனும் கவிட்டிகளால் ஆனதே. 1940 இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் என்ற இரு இயற்பியலாளர்கள் அதை ராடாருக்காகச் செய்தார்கள்.

நிற்கும் மரத்தில் கோறை இருக்கிறதா என்று எப்படி அறிவது?

கோடரியின் பின்பக்கத்தால் நெஞ்சுயரத்திலும் அடியிலும் சுற்றித் தட்டுங்கள். திண்மரம் ‘டக்’ என்று இறுகிச் சொல்லும், கோறை பானைபோல முழங்கும். கிளை முறிந்த பழைய வடு, அடியில் குவிந்த மரத்தூள், பட்டையில் முளைத்த காளான் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். முதிரையோ பாலையோ, உள்வைரம் உளுத்தாலும் வெளிமரம் தண்ணீர் கொண்டுபோவதால் இலை பச்சையாகவே இருக்கும். இலையைப் பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவார். கோறை மரம் விழும்போது பாதியில் பிளந்து வெட்டுபவர் பக்கம் அடிக்கும்.

பனையில் கதை வேறு. அதற்கு வைரம் வெளியே, நடு எப்போதும் மெதுமை.

பொந்துத் தேன் எடுப்பவர்கள் வாயைப் பெரிதாக வெட்டி உள்ளே தீ மூட்டினால் அடுத்த வருடம் அந்தப் பொந்தில் தேனீ இல்லை. புகை போதும், குஞ்சடையை விட்டுவிடுங்கள். வாய் மண்ணால் பூசியதுபோல ஒடுங்கி, ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தால் கைவைக்கவேண்டாம். உள்ளே இருவாட்சிப் பேடு தன்னைத்தானே அடைத்து அடைகாக்கிறது, ஆண் அந்தக் கீற்றால் பழம் ஊட்டிக்கொண்டிருக்கும்.